ரெயின் வேர்ல்ட்: கர்மா இறங்கிக்கொண்டே போகிறது, கதவு திறக்கவில்லை. மீள வழி உண்டா?

வடகரை_வாசன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ரெயின் வேர்ல்ட் என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். ஸ்டீமில் தள்ளுபடி வந்தபோது வாங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாதி பூனை, பாதி ஓடில்லா நத்தை போன்ற ஒரு சின்ன வெள்ளை உயிர்தான் நாம். பெயர் ஸ்லக்கேட். இடிந்து கிடக்கும் தொழிற்சாலைகளும் குழாய்களும் சாக்கடைகளும் காடாகிப் போன ஓர் உலகத்தில் குடும்பத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. இரை தேடித் தின்று, மழை வருவதற்குள் ஷெல்டருக்குள் புகுந்து தூங்க வேண்டும். அந்த மழை வெறுமனே நனைக்கிற மழை இல்லை, வெளியே நின்றால் நசுக்கிக் கொன்றுவிடும்.

முதல் இரண்டு நாள் அவுட்ஸ்கர்ட்ஸ் பகுதியில் சுற்றினேன். நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு கதவு திறந்தது, கீழே இறங்கினேன், டிரெய்னேஜ் சிஸ்டம் என்று வந்தது. அங்கே மாட்டிக்கொண்டவன் இன்னும் வெளியே வரவில்லை. எங்கே பார்த்தாலும் தண்ணீர். குதித்தால் அட்டைகள் பிடித்துக் கீழே இழுக்கின்றன. மேலே ஏறினால் இளஞ்சிவப்புப் பல்லி காத்திருக்கிறது. ஒவ்வொரு முறை செத்ததும் கர்மா, அதாவது நம் நிலையைக் காட்டும் குறி, ஒரு படி இறங்குகிறது. இப்போது அடிமட்டத்தில் இருக்கிறேன். வெளியே போகும் கதவுகளில் இருக்கும் குறி என் குறியைவிட உயர்ந்தது, அதனால் திறக்கவில்லை.

என் கேள்விகள் இவைதான். கர்மா இவ்வளவு இறங்கியபின் மீள வழி இருக்கிறதா, இல்லை புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா? தோற்றவனை மேலும் தோற்க வைக்கிற இந்த அமைப்பை நீங்கள் எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்?

படம் வரைந்ததுபோன்ற அந்த அறைகள், தூரத்தில் மங்கலாகத் தெரியும் கோபுரங்கள், சாவதற்கு முன் மழை உறுமும் சத்தம் எல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் நேற்று இரவு பதினான்கு முறை செத்தேன். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை.

---

தூறல்:

நண்பரே, நான் இந்த கேமை ஆறு மணி நேரத்தில் விட்டவன். அதனால் என் பதிலையும் கேளுங்கள். விடுவது தவறே இல்லை. குழாய் வழியாக அடுத்த அறைக்குப் போனால் வாசலிலேயே பல்லி வாயைத் திறந்து நிற்கிறது. நம்மால் பார்க்கவே முடியாத ஆபத்துக்கு நாம் எப்படித் தயாராவது? சுவரில் மாறி மாறிக் குதித்து ஏறலாம் என்பதைக்கூட விளையாடும்போது யாரும் தெளிவாகச் சொல்லித் தருவதில்லை. 2017இல் இது வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் இதே குறையைத்தான் சொன்னார்கள்.

தொடர்ந்தே ஆக வேண்டும் என்றால் மங்க் என்ற மஞ்சள் ஸ்லக்கேட்டை எடுத்துப் புதிதாக ஆரம்பியுங்கள். அதற்கு மூன்று உணவு போதும், உங்கள் வெள்ளைக்கு நான்கு வேண்டும். மிருகங்களும் கொஞ்சம் சாதுவாக இருக்கும். முக்கியமாக, மங்க் ஒருமுறை திறந்த கதவு அப்புறம் திறந்தே இருக்கும். உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

---

பழைய_ஜாய்ஸ்டிக்:

தம்பி வாசன், புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை. சாகாமல் ஒரு சுற்று, அதாவது விழித்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை, முடித்து வயிறு நிறையத் தூங்கினால் கர்மா ஒரு படி ஏறும். கணக்கு அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. இதைச் செய்த வீடியோகல்ட் குழுவின் யோவார் யாகோப்சன் ஸ்வீடன்காரர். மாணவராகக் கொரியாவில், சியோல் நகரத்தில் இருந்த காலத்தில், மொழியும் பழக்கமும் புரியாமல் அந்நியராக அலைந்த அனுபவத்திலிருந்து இது பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெருநகரத்து எலியை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயில் பாதையில் எங்கே உணவு கிடைக்கும், எப்போது ஓட வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்தப் பாதையை யார், எதற்காகக் கட்டினார்கள் என்பது மட்டும் தெரியாது. ஸ்லக்கேட்டும் அப்படித்தான். தூறல் சொன்ன 'சொல்லித் தரவில்லை' என்ற குறைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். யாரும் எலியை உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லையே.

இன்னொன்று. திரையில் தெரியாதபோதும் மிருகங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இரை தேடும், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், இடம் மாறும். நேற்று பல்லி நின்ற வாசலில் இன்று ஒன்றுமே இருக்காது. மற்ற பிளாட்ஃபார்ம் கேம்களில் எதிரி நிற்கும் இடத்தை மனப்பாடம் செய்து கடந்துவிடலாம். இங்கே அந்த வித்தை செல்லாது. அதனால்தான் பழைய கேம்களில் கைதேர்ந்தவர்களே இதில் முதலில் திணறுகிறார்கள்.

2023இல் வந்த டவுன்போர் என்ற கூடுதல் தொகுப்பின் பக்கம் இப்போதே போய்விடாதீர்கள். புது ஸ்லக்கேட்கள், புது இடங்கள் எல்லாம் அருமைதான். முதலில் இதை முடியுங்கள்.

---

அல்லிக்குளம்:

வாசன், உங்கள் பதிவைப் படித்ததும் கண்டிப்பாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் டிரெய்னேஜ் சிஸ்டத்தில் பதினோரு நாள் கிடந்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, தூங்குவதற்கு முன் முக்கால் மணி நேரம் நிண்டெண்டோ சுவிட்சில் விளையாடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பாக இருந்தது. வேலையில் எது எங்கே போனது என்று எழுதி வைத்துப் பழக்கம். அதே பழக்கத்தில், செத்தவுடன் ஒரு நோட்டில் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். எந்த அறை, எது கொன்றது, அப்போது வயிற்றில் எத்தனை உணவு இருந்தது.

டிரெய்னேஜை விட்டு வெளியே வந்த அன்று எண்ணிப் பார்த்தேன். எழுபத்து மூன்று சாவு. மழை கொன்றது எட்டு முறைதான். தண்ணீரில் அட்டையாலும் மூச்சு முட்டியும் பதினொன்று. மீதி பெரும்பாலும் பல்லிகள். பல்லிகளிடம் செத்ததில் முப்பத்தொரு முறை என் வயிற்றில் ஏற்கெனவே நான்கோ அதற்கு மேலோ இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு முறையும் நான் திரும்பிப் போய்த் தூங்கியிருக்கலாம். அத்தனை முறையும் கர்மா ஏறியிருக்கும். 'இன்னும் நேரம் இருக்கிறதே, அடுத்த அறையையும் பார்த்துவிடுவோம்' என்றுதான் போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஷெல்டர் கதவு திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவேன்: இந்தச் சுற்று உணவுக்கா, பயணத்துக்கா? உணவுக்கு என்றால் நான்கு சேர்ந்ததும், புது வழி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுவேன். பயணத்துக்கு என்றால் வழியில் கிடைப்பதைத் தின்பேன், கிடைக்காவிட்டால் கவலைப்பட மாட்டேன்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அது எனக்கு ரொம்ப உதவியது. வெள்ளை ஸ்லக்கேட்டின் வயிறு ஏழு கொள்ளும். தூங்க நான்கு செலவாகும். ஏழும் நிரப்பிவிட்டுத் தூங்கினால் விழிக்கும்போது மூன்று மிச்சம் இருக்கும். அடுத்த சுற்றில் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு வௌவால்பூச்சியைப் பிடித்துத் தின்றால் உடனே மறுபடி தூங்கலாம். ஒரு நல்ல வேட்டைக்கு இரண்டு படி கர்மா. ஆனால் ஒரே இடத்துப் பழங்களை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். பறித்த பழம் சில சுற்றுகளுக்குத் திரும்பக் காய்க்காது. நான் அப்படி ஒரு ஷெல்டரைச் சுற்றி வறட்சியை உண்டாக்கிவிட்டுப் பட்டினியால் செத்திருக்கிறேன்.

கர்மா பூ கிடைத்தால் உடனே தின்றுவிடுங்கள். மஞ்சளாக மின்னும் பூ. அதைத் தின்றபின் செத்தால் கர்மா இறங்காது. நீங்கள் செத்த இடத்திலேயே அந்தப் பூ திரும்ப முளைக்கும். அடுத்த சுற்றில் அங்கே போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான கதவை நோக்கிப் போகும் பயணத்துக்கு முன் அது வயிற்றில் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும், கையும் பதறாது.

கதவுகளைப் பற்றி ஒன்று. சில கதவுகளில் இந்தப் பக்கம் ஒரு குறியும் அந்தப் பக்கம் வேறு குறியும் இருக்கும். எளிதாக உள்ளே வந்த இடத்திலிருந்து அதே கதவு வழியாக எளிதாகத் திரும்ப முடியும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது தூறல் சொன்ன குழாய் வாசல் விஷயம். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பார்க்கவே முடியாது என்பது முழுக்கச் சரியில்லை. ஒரே அறைக்குள் இருக்கும் குறுக்குவழிக் குழாய்களில் ஏதாவது மிருகம் நுழைந்தால், அந்தக் குழாயின் பாதையில் ஒரு சின்ன ஒளி நகர்வது தெரியும். அது பல்லி என்றால் ஒளிக்கும் பல்லியின் நிறம்தான். இளஞ்சிவப்பு ஒளி உங்கள் பக்கம் வருகிறது என்றால் அது வெளியே வருவதற்குள் கம்பத்தில் ஏறினால் போதாது, ஏனென்றால் இளஞ்சிவப்பு கம்பம் ஏறும். பச்சை என்றால் ஏறினால் போதும், அது கனத்த உடம்புக்காரன், ஏற மாட்டான். நீலம் சின்னதுதான், ஆனால் சுவரிலேயே ஊரும், நாக்கை நீட்டிப் பிடிக்கும். வெள்ளைதான் மோசம். சுவரின் நிறத்துக்கே மாறி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரில் ஒரு இடம் மட்டும் லேசாக நெளிந்த மாதிரி தெரிந்தால் அங்கே போகாதீர்கள்.

அடுத்த அறைக்குப் போகும் வாசலில் இந்த ஒளி உதவாது, அது உண்மை. அங்கே காதுதான் துணை. ஆபத்து பக்கத்தில் இருந்தால் தாளம் ஒன்று எழும். நெருங்க நெருங்க அதன்மேல் இன்னும் இரண்டு மூன்று ஓசைகள் சேரும். விலகினால் ஒவ்வொன்றாகக் கழியும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி தாளம். ஹெட்ஃபோன் இல்லாமல் விளையாடுகிறீர்கள் என்றால் முதலில் அதை மாட்டுங்கள். உள்ளே நுழைந்ததும் தாளம் கனத்தால் யோசிக்காமல் வந்த குழாயிலேயே திரும்பிவிடுங்கள்.

கையில் எப்போதும் ஒரு கல்லாவது இருக்கட்டும். பல்லியின் தலை கவசம் மாதிரி, முன்னால் இருந்து ஈட்டி எறிந்தால் தெறித்துவிடும். உடம்பில் பட வேண்டும். கல் கொல்லாது, ஆனால் ஒரு நொடி திகைக்க வைக்கும். ஓட அது போதும். நான் டிரெய்னேஜ் முழுவதையும் கல்லோடுதான் கடந்தேன், ஒரு பல்லியைக்கூடக் கொல்லவில்லை. தண்ணீரில் சாலமாண்டர் என்ற நீர்ப்பல்லி இருந்தால் மட்டும் கல்லை நம்ப வேண்டாம், கரையேறி விலகிவிடுங்கள். அது நீரில் ரொம்ப வேகம்.

எப்படித் தாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை, உணவுச் சுற்று. மூன்று சேர்ந்துவிட்டது, நான்காவதாக ஒரு வௌவால்பூச்சி கையில் இருக்கிறது, இன்னும் தின்னவில்லை. திரை லேசாக அதிர ஆரம்பித்தது. ஷெல்டர் இரண்டு அறை தள்ளி. ஓடுகிறேன். பின்னாலேயே அந்த இளஞ்சிவப்பு. நோட்டில் அவன் பெயரில் ஆறு சாவு இருக்கிறது. என்னைத்தான் துரத்துகிறான் என்று நினைத்துக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு கல்லை எறியத் தயாரானேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கீழாக, வாலை இழுத்துக்கொண்டு, தன் பொந்துக்கு ஓடினான். அவனுக்கும் மழைதான் பயம். அவனும் வீட்டுக்குத்தான் போகிறான்.

ஷெல்டருக்குள் புகுந்து, கையிலிருந்த பூச்சியைத் தின்று, சுருண்டு படுத்தேன். கதவு மூடியது. வெளியே மழை இறங்கும் சத்தம். பன்னிரண்டு மணி நேரம் நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த உடம்பு. அந்த வெள்ளை உருண்டை தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போனேன். அதற்குப் பிறகு அந்தப் பல்லியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. செத்தால், அவனுக்கு இன்று சாப்பாடு கிடைத்தது என்று எழுதிக்கொள்வேன். இந்த உலகத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் என்னைப் போலவே பசியோடு, மழைக்குப் பயந்து, இடம் தேடி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, நான் குறிவைக்கப்படுகிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. தாங்க முடிந்தது அதனால்தான்.

மழையை நம்பிப் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவள் நான். இடி கேட்டால் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்க்கும் வீடு. மழைச் சத்தம் கேட்டு உடம்பு நடுங்கியது இந்த கேமில்தான், முதல்முறையாக.

தயவுசெய்து புதிதாக ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் சிக்கியிருக்கும் இடம் மோசமான இடம், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், தூறல் சொன்னது நியாயம். ஆனால் உங்களுக்குப் பிடித்திருக்கிறதே.

---

தூறல்:

குழாயில் ஒளி நகரும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஆறு மணி நேரம் விளையாடியும் அதை நான் கவனிக்கவில்லை. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருக்கிறேன். என் குறைகள் சிலவற்றை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசி ஷெல்டரிலிருந்து அதே ஐந்து அறைகளைத் திரும்பத் திரும்பக் கடப்பது எனக்குச் சலிப்புதான். ஆனால் அன்இன்ஸ்டால் செய்ததைத் திரும்ப இறக்குகிறேன்.

வாசன், கீபோர்டில் விளையாடுவதாக இருந்தால் ஒரு கன்ட்ரோலர் கடன் வாங்கியாவது பாருங்கள். கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தாவுவதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

---

வடகரை_வாசன்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

அல்லிக்குளம் அக்கா சொன்ன மாதிரி நோட்டு போட்டேன். முதல் நாளே ஒன்று தெரிந்தது. நான் அதிகமாகச் சாவது ஒரே ஒரு அறையில், தண்ணீருக்கு மேலே நீளமான குழாய் போகும் அறை. அங்கே குதிக்காமல் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது, இவ்வளவு நாளும் அவசரத்தில் பார்க்கவில்லை. ஏழு தின்று தூங்கும் கணக்கை இரண்டு முறை செய்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு முறை செத்தேன், பூ தின்றிருந்ததால் கர்மா இறங்கவில்லை. அடுத்த சுற்றில் செத்த இடத்துக்கே போய், அந்தப் பூ அங்கே முளைத்து நிற்பதைப் பார்த்தபோது என்னவோ செய்தது.

நேற்று இரவு கதவு முன்னால் போய் நின்றேன். குறி பொருந்தியது. நடுவில் அசையாமல் நிற்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு முறை வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது முறை நின்றேன். பின்னால் கதவு இறங்கியது, எந்திரங்கள் மெதுவாகச் சுழன்றன, மறுபக்கம் திறந்தது. அந்த அரை நிமிடமும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்திருக்கும் இடம் கார்பேஜ் வேஸ்ட்ஸ். குப்பை மேடு. இங்கே பல்லியைத் தவிர வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. நீண்ட கை கால், கையில் ஈட்டி, என்னைப் பார்த்ததும் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கின்றன. தாக்கவில்லை. நானும் ஈட்டி வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் அப்படியே நின்றோம், நான் பின்வாங்கி ஷெல்டருக்கு வந்துவிட்டேன். இவர்களை என்ன செய்வது?

---

அல்லிக்குளம்:

வாசன், படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. பின்வாங்கியது ரொம்பச் சரி.

அவை ஸ்கேவெஞ்சர்கள். நீங்கள் செய்ததை நினைவில் வைத்திருக்கும். ஒன்றைக் கொன்றால் கூட்டமே பகையாகும். ஈட்டியைக் கையில் ஓங்கிக்கொண்டு நெருங்காதீர்கள். வழியில் எங்காவது சின்ன முத்து ஒன்று உருண்டு கிடந்தால், தின்ன முடியாது என்று விட்டுவிடாமல் எடுத்து வாருங்கள். அவர்கள் பார்க்கும்படி கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

நாளைக்கு எனக்கு விடுமுறை. அவர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.